டுபாய்ப் பெட்டியை வைத்த இடம்

"1997 பெப்ரவரி. சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில் மட்டும். முன்னால் வைக்கக் கூடாது. நீள வயர் கூடவே கூடாது."

இந்த வரிகள் ஒரு சிறிய இரும்புப் பெட்டியின் அடிப்பக்கத்தில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துண்டொன்றின் மேல் எழுதப்பட்டுள்ளன. கையெழுத்து என்னுடையது. திகதி போடாமல் கடிதம்கூட எழுதாத நான் இதில் நாளைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். அந்த வாரம் எனக்கு நாளைக் குறிக்கும் மனநிலை இருக்கவில்லை. குறிப்பு எழுதப்படக் காரணமான கல்யாணம் ஜனவரி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நடந்தது. தவக்காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று பெண்வீட்டார் அவசரப்பட்டது நினைவிருக்கிறது. முந்தைய ஆண்டின் மின்வெட்டுகள் முடிந்திருந்தன. ஆகவே மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடவில்லை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். அன்று கேட்டது ஜெனரேட்டர் சத்தம்தான் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது தவறு.

நான் அப்போது மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபிஸ் கிளாக்கர். சனி, ஞாயிறுகளில் டவுனில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். குழுவை நடத்தியவர் கோவிலில் ஓர்கன் வாசிப்பவர். எங்கள் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பாட ஒருவரும் டிரம்ஸ் அடிக்க ஒருவரும் இருந்தார்கள். கல்யாணம், பிள்ளைகளின் முதல் நன்மை, டிசம்பரில் நத்தார் விருந்து என்று ரத்தோட்டை முதல் கலேவெல வரை போய் வாசிப்போம்.

என் பேஸ் ஆம்ப்ளிபயர் ஒரு சிறிய அலுமாரி அளவு இருக்கும். கொழும்பில் கலைந்துபோன ஒரு ஹோட்டல் குழுவிடமிருந்து வாங்கியது. அதன் முதுகில் சென்ட், ரிட்டர்ன் என்று ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு துளைகள் இருந்தன. அவை எதற்கென்று யாரும் கேட்டதில்லை. ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

1996 நத்தாருக்கு என் மனைவியின் தம்பி டுபாயிலிருந்து விடுமுறையில் வந்தான். அங்கே அவன் வேன் ஓட்டினான். வேலை முடிந்த நேரங்களில் பிலிப்பைன்ஸ்காரர்களின் குழுவொன்றுக்குச் சாமான் ஏற்றி இறக்கப் போய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைப் பார்க்கவும் பழகியிருந்தான். அந்தக் குழுவில் ஊர் திரும்பிய ஒருவனிடமிருந்து வாங்கிய பெட்டியொன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். சவுண்ட் என்ஹான்சர். ஓர் அகராதி அளவு. முன்பக்கம் இரண்டு குமிழ், ஒரு பட்டன், பச்சையும் சிவப்புமாய் ஒரு வரிசைச் சிறு விளக்குகள். பின்பக்கம் சத்தம் உள்ளே போக ஒரு துளை, வெளியே வர ஒரு துளை.

அது என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"பேஸ் ஸ்பீக்கர்ல வர்றப்ப அடிச்சத்தமும் மேல்சத்தமும் ஒண்ணா வர்றதில்ல மச்சான். ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். இது ரெண்டையும் வரிசைல நிக்க வைக்குது."

"யாரு சொன்னா?"

"வித்தவன் சொன்னான்."

விற்றவன் சொன்னதை நான் நம்புவதில்லை. ஆம்ப்ளிபயரை மனைவியின் தாய்வீட்டு முன்னறைக்கு இறக்கிச் சோதித்தோம். அவன் பட்டனை அழுத்தினான். "இப்ப கேளுங்க." மறுபடி அழுத்தினான். "இப்ப கேளுங்க. வித்தியாசம் தெரியுதா?"

"சத்தம் கூடுது. அவ்வளவுதான்."

கூடிய சத்தத்தை நல்ல சத்தம் என்று காது எடுத்துக்கொள்ளும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆகவே பெட்டி ஓடும்போது அளவைக் குறைத்து இரண்டையும் சமமாக்கிவிட்டுக் கேட்டேன். அப்போதும் ஏதோ ஒன்று மிஞ்சியது. தந்தியில் விரல் படும் அந்த முதல் தட்டு தெளிவாக வந்தது. அழுக்குக் கண்ணாடியைத் துடைத்த மாதிரி. அது பெட்டியின் வேலையா, என் ஆசையின் வேலையா என்று எனக்கு நிச்சயமில்லை.

மாஸ்டரைக் கூட்டி வந்து சுவரைப் பார்க்க உட்கார வைத்தோம். பெட்டி ஓடும்போது "ஓடுது" என்றும், ஓடாதபோது "ஓடலை" என்றும் சொல்ல வேண்டும். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டு, பெட்டி நிற்கும்போதெல்லாம் "ஆ, இப்ப ஓடுது, நல்லாயிருக்கு" என்றார்.

"மாஸ்டர் காதுக்கும் ஒரு பெட்டி கொண்டாந்திருக்கணும்," என்று மைத்துனன் சிரித்தான்.

மாஸ்டரும் சிரித்தார். ஆனால் போகும்போது வாசலில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஒங்க மச்சானுக்கு மிக்சர் மட்டும் போதாது போல. குழுவே வேணும் போல."

இப்படி, பெட்டி ஊருக்கு வந்த வாரத்திலேயே நாங்கள் மூவரும் ஆளுக்கொரு சந்தேகத்தோடு இருந்தோம். மாஸ்டருக்கு மைத்துனன் மேல். எனக்குப் பெட்டியின் மேல். மைத்துனனுக்கு எங்கள் இருவர் காதுகளின் மேல்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான சண்டை வந்தது. கண்டி நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய எலக்ட்ரோனிக்ஸ் சஞ்சிகையில் அந்த இரண்டு துளைகளின் விளக்கம் இருந்தது. ஆம்ப்ளிபயருக்குள் இரண்டு கட்டம் இருக்கிறது. முதற்கட்டம் கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறது. இரண்டாங்கட்டம் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. சென்ட் என்பது முதற்கட்டத்தின் வெளிவாசல். ரிட்டர்ன் என்பது இரண்டாங்கட்டத்தின் உள்வாசல். இந்த மாதிரிப் பெட்டிகளை அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் வைக்க வேண்டும். கிட்டாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில், முன்னாலேயே வைத்தால், அங்கே நுழையும் இரைச்சலையும் இரண்டு கட்டமும் சேர்ந்து பெரிதாக்கிவிடும்.

குளவிக்கூட்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். மைத்துனன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பின்னால கொண்டுபோய் ஒளிச்சு வைக்கவா நான் டுபாய்லருந்து தூக்கிட்டு வந்தேன்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இசைக்குழுவுக்கு முன்னால் லேஸ் துணி விரித்த ஒரு மேசை இருக்கும். குழுவிடம் புதிதாக எது இருந்தாலும் அது அந்த மேசையில் இருக்க வேண்டும். விருந்துக்கு முன் இரண்டு வீட்டு ஆட்களும் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். "இவங்ககிட்ட புதுச் சாமான் இருக்கு" என்பது அழைத்தவருக்கு மரியாதை. எக்கோ மெஷின் வாங்கிய வருடம் அதற்குப் பூமாலையே போட்டார்கள். விளக்கு எரிகிற பெட்டியை ஆம்ப்ளிபயர் முதுகுக்குப் பின்னால் வைப்பது, புதுப்பெண்ணைக் குசினியில் உட்கார வைப்பதற்குச் சமம் என்று பாடகரும் மைத்துனன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

எங்கள் கோவில் ஃபாதர் புதுப் பெட்டிக்குப் புனித நீர் தெளித்து ஆசீர்வதித்தார். அன்று மாலைப் பயிற்சியில் பெட்டி மெல்ல இரைந்தது.

"தண்ணி உள்ள போயிருக்கும்," என்றார் மாஸ்டர்.

"ஆசீர்வாத தண்ணியால ஒண்ணும் ஆகாது மாஸ்டர்," என்றான் மைத்துனன்.

"ஆசீர்வாதம்தான். ஆனா தண்ணியும்தானே."

இரைச்சல் தண்ணீரால் வரவில்லை, வயரால் வந்தது என்று நான் சொன்னேன். முன்மேசை வரை போய்த் திரும்ப எங்களிடம் இருந்த நல்ல வயர் எட்டவில்லை. நல்ல வயர் என்றால் உள்ளே ஒரு கம்பியும் அதைச் சுற்றி வலைபோல இன்னொரு கம்பியும் உள்ளது. அந்த வலைதான் வெளிச்சத்தம் உள்ளே வராமல் காக்கும். மைத்துனன் பஜாரில் அழைப்புமணிக்குப் போடும் சிவப்பு வெள்ளை முறுக்கு வயரில் ஒரு சுருள் வாங்கி, இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஜாக் பற்றவைத்திருந்தான். அதில் வலை கிடையாது.

"கரண்டு போக வயர் வேணும். இது வயர்தானே?" என்றான். அடுத்த மாதம் அவன் பயணம். பெட்டி ஒரு கல்யாணத்திலாவது மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டான். நான் விட்டுக்கொடுத்தேன்.

கல்யாண விருந்து ரத்தோட்டை வீதியில் ஒரு மண்டபத்தில், பகலில். அந்தப் போர்க் காலத்தில் விருந்துகள் பகலுக்கு மாறியிருந்தன. இருட்டுமுன் தோட்டத்து ஆட்கள் செக்பொயின்ட்டைத் தாண்டி வீடு சேர வேண்டும். நாங்கள் போகும்போதும் வேனை நிறுத்தினார்கள். டிரம்ஸைத் தட்டிப் பார்த்த சிப்பாய் பெட்டியைக் கையில் எடுத்தான். அவன் சிங்களத்தில் கேட்டான், மைத்துனன் சிங்களத்தில் பதில் சொன்னான்.

"இது என்ன?"

"சத்தத்தைத் தெளிவாக்கும் பெட்டி."

"யாருடைய சத்தத்தை?"

மைத்துனன் சிரித்தான். சிப்பாய் சிரிக்கவில்லை. பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மண்டபத்தில் பெட்டி மேசையேறியது. விளக்குகள் என் விரலுக்கு ஏற்றாற்போல் ஓடின. பெண்ணின் மாமன்மார் வரிசையாக வந்து பார்த்தார்கள். மைத்துனன் மிக்சருக்குப் பின்னால் டையைச் சரிசெய்துகொண்டே விளக்கம் சொன்னான். ஒரு மணிநேரம் எல்லாம் நன்றாகவே போனது.

கேக் வெட்டுமுன் ஃபாதர் ஜெபம் சொல்ல எழுந்தார். நாங்கள் வாசிப்பதை நிறுத்தினோம். நான் கிட்டாரின் குமிழை மூடினேன். ஆம்ப்ளிபயரை அணைக்கவில்லை. ஃபாதர் சிலுவை அடையாளம் இட்டுக் கண்ணை மூடியதும் மண்டபம் முழுவதும் அமைதியாகியது.

அந்த அமைதியில் என் பின்னால் ஆம்ப்ளிபயர் பேசியது.

பானைக்குள் வாயை வைத்துப் பேசுவது போன்ற ஆண்குரல். சிங்களம். முழு வாக்கியம் எதுவும் விளங்கவில்லை. "ஹரி... ஹரி" என்று இருமுறை சொன்னது தெளிவாகக் கேட்டது. சரி, சரி என்று பொருள். பிறகு ஏதோ இலக்கங்கள். "டக்" என்று ஒரு சத்தம். மறுபடி அதே குரல்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உடனே நின்றது. இப்படிக் கடகடவென்று பேசி "டக்" என்று நிற்கும் குரலை எல்லோரும் எங்கேயாவது கேட்டிருந்தோம். செக்பொயின்ட்டில், ஜீப்பில், பொலிஸ்காரர் தோளில். ஒரு தமிழ்க் கல்யாணத்தில், தமிழர்களின் இசைக்குழுவில், டுபாயிலிருந்து வந்த பெட்டி அந்த ரேடியோப் பேச்சைப் பிடிக்கிறது. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். பிறகு யோசித்தபோது, அப்படிப் பாய்ந்ததே சந்தேகத்துக்கு இடமாக இருந்திருக்கும் என்று பட்டது.

பெண்ணின் தகப்பனுடைய பக்கத்து வீட்டுக்காரர் விருந்துக்கு வந்திருந்தார். பொலிஸ் சார்ஜன்ட். அன்று வெள்ளைச் சாரமும் சட்டையும். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக முன்மேசைக்கு வந்தார். ஃபாதர் ஜெபத்தை முடிக்கும்வரை மரியாதையாகக் கைகட்டி நின்றார். பிறகு பெட்டியைத் தொட்டு, "இது யாருடையது?" என்று கேட்டார்.

மைத்துனன் "என்னுடையது" என்றான்.

சார்ஜன்ட் மாஸ்டரைப் பார்த்தார். அவர்தான் வயதில் மூத்தவர். மாஸ்டர் சிங்களத்தில் சொன்னார்: "வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, மாத்தியா. உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மையோடு மைத்துனனும் பெட்டியும் ஆம்ப்ளிபயரும் பொலிஸ் ஜீப்பில் ஏறிப் போனார்கள். கூடவே அந்தச் சிவப்பு வெள்ளை வயர்ச் சுருளும்.

அந்தப் பொலிஸ் நிலையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அடுத்து என்ன நடக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒருவரை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. திங்கட்கிழமை வரை இங்கேயே வைத்திருப்பார்கள், இன்ஸ்பெக்டர் வந்துதான் முடிவெடுப்பார் என்று சொன்னார்கள். மைத்துனனின் கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் என் மனைவி அழவில்லை. "நீங்க படிச்சவர்தானே. போய்ச் சொல்லுங்க, அது ரேடியோ இல்லைன்னு."

"சொன்னா நம்புவாங்களா?"

"நீங்க நம்புறீங்களா?"

பெட்டியை நான் திறந்து பார்த்ததில்லை. அதை விற்ற பிலிப்பைன்ஸ்காரனை எனக்குத் தெரியாது. டுபாயில் மைத்துனன் யாரோடு பழகினான் என்பதும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் கடிதங்களில் எழுதியதையெல்லாம் மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன். எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த நாட்களில் எங்கள் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு மாஸ்டர் கோவில் படியில் என்னை நிறுத்தினார்.

"நான் உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைய சொல்ல ஒங்களுக்கு அந்த நேரம்தானா கெடச்சது மாஸ்டர்?"

"எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க. ஒங்களுக்குத் தெரியும்."

தெரியும். ஆனாலும் பயத்தில் சொன்னாரா, சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாளை நினைத்துச் சொன்னாரா என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பார்வையை மாற்றவில்லை.

"நாளைக்கு என்ன செய்யப்போறீங்க?" என்றார்.

"அவங்க முன்னாலேயே வாசிச்சுக் காட்டப் போறேன். குத்தம் பெட்டில இல்ல, வயர்லன்னு."

"நீங்க வயர் மாத்துறப்ப யாரு வாசிக்கிறது?"

திங்கள் காலை மாஸ்டர் பொலிஸ் நிலைய வாசலில், கோவிலுக்குப் போடும் கோட்டோடு, எனக்கு முன்பே வந்து நின்றார். பேஸ் கிட்டார் அவருக்கு வராது. இருந்தாலும் அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வயது குறைந்தவர். படித்த முகம். பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. அவர் மேசையில் பெட்டி இருந்தது. மூடியைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே ஒரு பச்சைத் தகடும் சில கறுப்புப் பூச்சிகள் போன்ற சிப்புகளும். பார்த்தவுடன் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது, ஆனால் ரேடியோவின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டிருந்தால் என்னால் வித்தியாசம் காட்டியிருக்க முடியாது. மைத்துனன் சுவரோரம் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தான். அதே கல்யாணச் சட்டை. டை இல்லை. சார்ஜன்ட் சீருடையில் கதவருகே நின்றார். பக்கத்து அறையில் பொலிஸ் ரேடியோ.

மூடியை மாட்டி, சனிக்கிழமை இருந்தபடியே இணைத்தேன். கிட்டாரிலிருந்து நீள வயரில் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து நீள வயரில் ஆம்ப்ளிபயருக்கு. வயரைப் பக்கத்து அறை வாசல்வரை ஓடவிட்டேன். மாஸ்டர் ஒரே தந்தியில் ஒரு மாதா பாட்டை மெதுவாகத் தடவித்தடவி வாசித்தார். காவலில் நின்ற ராலாமி, கான்ஸ்டபிள் ஒருவர், எட்டிப் பார்த்தார். மாஸ்டரை நிறுத்தச் சொன்னேன். பக்கத்து அறையில் ரேடியோவில் பேசச் சொல்லுமாறு இன்ஸ்பெக்டரைக் கேட்டேன்.

அங்கே பட்டனை அழுத்தியதும் ஆம்ப்ளிபயர் "டக்" என்றது. பிறகு அதே பானைக்குரல்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்போது பெட்டியைப் பின்னால் வைக்கிறேன்," என்றேன். நல்ல குட்டை வயர் இரண்டை நான் பையில் கொண்டுபோயிருந்தேன். சென்டிலிருந்து பெட்டிக்கு. பெட்டியிலிருந்து ரிட்டர்னுக்கு. கிட்டாரை நல்ல வயரால் நேரே ஆம்ப்ளிபயருக்கு. மறுபடி பேசச் சொன்னேன். ஆம்ப்ளிபயர் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் தந்தியைத் தட்டினார். ஒவ்வொரு தட்டும் சுத்தமாக வந்தது.

"ஏன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சஞ்சிகையில் வாசித்ததை அப்படியே சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. "வதந்தி மாதிரி சேர்," என்றேன். "தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் காலையில் முதல் ஆள் காதில் ஒரு பிழையான சொல் விழுந்தால், அது கடைசி ஆளிடம் போவதற்குள் பெரிதாகிவிடும். கடைசி ஆளுக்குப் பக்கத்தில் யாராவது முணுமுணுத்தால் அவ்வளவு பெரிதாகாது. முன்னால் இருக்கும்போது கிட்டாரின் சத்தமே ஒரு முணுமுணுப்புத்தான். அதோடு எது சேர்ந்தாலும் இரண்டு கட்டமும் அதையும் பெரிதாக்கும்."

பிறகு நான் பயந்த கேள்வியைக் கேட்டார். "அப்படியென்றால், பெட்டி முன்னால் இருந்தால் கேட்கிறது. பின்னால் இருந்தால் கேட்கவில்லை. நீங்கள் விரும்பினால் கேட்கும், விரும்பாவிட்டால் கேட்காது. அவ்வளவுதானே?"

வாங்கிலிருந்து மைத்துனன் தமிழில் மெல்லச் சொன்னான்: "மச்சான், போதும். வேற ஒண்ணும் காட்டாதீங்க."

அவன் பயம் எனக்கு விளங்கியது. மிச்சமிருந்தது ஒரே சோதனை. பெட்டியே இல்லாமல், நீள வயரை மட்டும் கிட்டாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் போடுவது. அப்போதும் குரல் வந்தால் பெட்டி தப்பும். ஆனால் பொலிஸ் ரேடியோவை வெறும் அழைப்புமணி வயரால் ஒட்டுக்கேட்கலாம் என்று பொலிஸ் நிலையத்திலேயே நான் செய்து காட்டியவனாவேன். வராவிட்டால் குற்றம் பெட்டிமேல் உறுதியாகும். ஆம்ப்ளிபயர் சனிக்கிழமையிலிருந்து அவர்கள் வசம். முன்கூட்டிச் செய்து பார்க்க எனக்கு வழி இருக்கவில்லை. எது வரும் என்று எனக்குத் தெரியாது.

பெட்டியைக் கழற்றி இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தேன். வயரின் இரண்டு துண்டையும் ஒன்றாக இணைத்தேன்.

பக்கத்து அறையில் பட்டன் அழுந்தியது. "டக்." பானைக்குரல் வந்தது. சற்று மெல்லியதாக, ஆனால் வந்தது.

இன்ஸ்பெக்டர் தன் கையில் இருந்த பெட்டியையும் ஆம்ப்ளிபயரையும் மாறிமாறிப் பார்த்தார். எழுந்து வந்து வயரைத் தூக்கினார்.

"இது எங்கே வாங்கியது?"

"பஜாரில், சேர். அழைப்புமணிக்கு எல்லாரும் வாங்குவது."

அவர் தன் மேசையின் காலைக் குனிந்து பார்த்தார். அங்கே அவருடைய மணிப் பொத்தானிலிருந்து அதே சிவப்பு வெள்ளை முறுக்கு வயர் சுவரோரமாக ஓடி வாசல்வரை போனது. யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் கிட்டாரைத் தவறித் தட்டிவிட்டு, "சொறி சேர்" என்றார்.

இன்ஸ்பெக்டர் சார்ஜன்ட் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்துக்குப் பக்கத்தில் நம்முடைய ஜீப் நின்றதா? அதில் ரேடியோ செட் வேலை செய்ததா?"

சார்ஜன்ட் நிமிர்ந்து நின்றார். "ஓவ், சேர்." ஆம் என்று அர்த்தம்.

"அப்படியென்றால் இவர்கள் கேட்டது நம்மைத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். அது எங்களிடம் சொன்னதா, தனக்கே சொன்னதா தெரியவில்லை. சிறிது நேரம் எழுதினார். பெட்டியை எடுத்துப் போகலாம், ஆம்ப்ளிபயரையும் ஆளையும் அழைத்துப் போகலாம் என்றார். கடவுச்சீட்டு மேசை லாச்சியிலிருந்து வெளியே வந்தது.

"வயர் இங்கேயே இருக்கட்டும்."

வயர் அங்கேயே இருந்தது.

வேனில் திரும்பும்போது மைத்துனன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். அங்கே என்ன கேட்டார்கள், என்ன நடந்தது என்று அவன் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மாஸ்டர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல மாஸ்டர்" என்றான். ஒரு கடையில் நிறுத்தி மாஸ்டரே ரொட்டியும் பருப்புக் கறியும் வாங்கி வந்து அவன் மடியில் வைத்தார்.

அவன் குறித்த நாளில் பயணமானான். பெட்டியை எடுத்துப் போகவில்லை. அவன் போன பிறகுதான் பிளாஸ்டரை ஒட்டி அந்தக் குறிப்பை எழுதினேன். அதிலிருந்து பெட்டி ஆம்ப்ளிபயரின் முதுகில், சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில், குட்டை வயரோடு இருந்தது. மேசையில் லேஸ் துணி மட்டும். "எங்க அந்த லைட் எரியுற சாமான்?" என்று யாராவது கேட்டால் மாஸ்டரே முந்திக்கொண்டு, "பின்னாலதான் வைக்கணும், அதுதான் மொற" என்பார். சத்தம் உண்மையிலேயே தெளிந்திருந்தது. அதை எழுதாமல் விடுவது நியாயமல்ல.

இத்தோடு முடித்திருப்பேன். 2003இல், போர்நிறுத்தம் இருந்த நேரம், கலேவெலச் சந்தையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒருவர் என் தோளைத் தட்டினார். அந்த சார்ஜன்ட். ஓய்வுபெற்றிருந்தார். "பேஸ்கார மாத்தியா," என்று சிரித்தார். தேநீர் குடித்தோம். மைத்துனன் சுகமா என்று விசாரித்தார். பேச்சுவாக்கில் நான், "அன்று உங்கள் ஜீப் அந்த நேரம் அங்கே பேசியிராவிட்டால் இவ்வளவு வந்திருக்காது," என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கள் ஜீப்பா? அதன் செட் அந்த வாரம் முழுவதும் பழுது. கழற்றிக் கண்டிக்கு அனுப்பியிருந்தோம்."

"இன்ஸ்பெக்டரிடம் வேலை செய்ததாகச் சொன்னீர்களே."

"சொன்னேன்," என்றார். "அந்தப் பையனைப் பார்த்தால் எனக்கு..." வாக்கியத்தை முடிக்கவில்லை. வெங்காய விலை பற்றிப் பேசினார். பஸ் வந்ததும் எழுந்து போனார்.

அன்றிரவு இதைக் குறித்து வைத்தேன். இம்முறை திகதியோடு. அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது உண்மையென்றால் என்னிடம் சொன்னது, ஆறு வருடத்துக்குப் பிறகு நல்லவனாக ஆசைப்பட்ட ஒருவரின் பேச்சு. என்னிடம் சொன்னது உண்மையென்றால், மைத்துனன் ஒரு பொய்யால் வீடு வந்தான். அப்படியானால் ஃபாதரின் ஜெபத்துக்கு நடுவில் "ஹரி, ஹரி" என்று சொன்னது வேறு யாரோ. சிப்பாயாக இருக்கலாம். வேறு ஊர் ஜீப்பாக இருக்கலாம். இலங்கை வானொலியின் நாடகமாகக்கூட இருக்கலாம் என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னார். ஆனால் நாடகத்தில் "டக்" என்று வராது.

அந்தக் குரல் யாருடையது என்பதும், அந்தச் சனிக்கிழமை அந்த ஜீப்பின் ரேடியோ வேலை செய்ததா என்பதும் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.